சன்னலில் ஒட்டிய படம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அம்மா. மற்றபடி இருவரும் திடமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? தூசி பறக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள் என்றால் சூப்பர்வைசரான உனக்கு அது கௌரவக் குறைச்சல்.

இந்த ரோலில் 217-ஆம் வரைபடம் வருகிறது, ரிவிஷன் 2. நீராவி பைப் போகிற பாதை, அதைத் தாங்குகிற இரும்புக் கைகள் எல்லாம் இதில்தான். உன்னிடம் இருக்கிற ரிவிஷன் 1-இல் ரத்து முத்திரை குத்தி அடுத்த வண்டியில் திருப்பி அனுப்பு. போன தடவை மாதிரி டீ கிளாஸ் வைத்த வட்டத்தோடு அனுப்பாதே, ஆபீசில் என் மானம் போகிறது.

"வெர்ஷன்ங்கறீங்க, ரிவிஷன்ங்கறீங்க, ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் எங்க உயிரை வாங்கறீங்க?" என்று கேட்டிருந்தாய். ஒன்றில்லை ராசா. டிசைன் பிரிவில் ஒருவர் கோடு போட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்தால் அது ஒரு வெர்ஷன். மத்தியானம் அதையே அழித்துச் சேமித்தால் அடுத்த வெர்ஷன். ஒரு படத்துக்கு இருபது வெர்ஷன்கூட வரும். அது எங்களுக்குள் நடக்கிற கூத்து, உங்களுக்குத் தெரியவே வேண்டாம். எல்லாம் முடிந்து, தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டத்திலும் கையெழுத்து விழுந்த பிறகு மூலையில் நம்பரை ஏற்றி வெளியே அனுப்புகிறோமே, அதுதான் ரிவிஷன். வெர்ஷன் வீட்டுக்குள் பேசிக்கொள்வது. ரிவிஷன் வெளியே கொடுத்த வாக்கு. கொடுத்த பிறகு ஒரு புள்ளியை மாற்றவேண்டுமென்றாலும் நம்பரை ஏற்றி, மாறியது என்ன, காரணம் என்ன என்று எழுதி, மறுபடி மூன்று கையெழுத்து வாங்கவேண்டும். அதற்குக் காவல்தான் உன் அக்கா. வெளியே போன படத்தைக் கம்ப்யூட்டரில் தொடுகிற அதிகாரம் இந்த ஆபீசில் என் ஒருத்திக்குத்தான்.

அதனால் ஒவ்வொரு பிரதியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டாம். மூலையைப் பார். நம்பர் ஒரே நம்பர் என்றால் படமும் ஒரே படம்தான். கண்ணை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கு.

ரோலுக்குள் கடிதம் வைப்பது விதிப்படி தப்பு. எட்டு வருஷமாகச் செய்கிற ஒரே தப்பு அதுதான், போகட்டும். கேம்ப் போனில் பேசினால் செக்யூரிட்டி காதும் சேர்ந்து கேட்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போனது. இரண்டு நாள் கையை ஆட்டியே வேலை வாங்கினேன். "நீ வாயைத் திறக்காத ரெண்டு நாள்லதான்யா வேலை நடந்துச்சு" என்கிறார் வெல்டர் அண்ணன். என்னோடு ஒரே அறையில் இருப்பவர், உனக்குத்தான் தெரியுமே; ஆறு வருஷமாக அவர் குறட்டையும் என் குறட்டையும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. அம்மா முழங்கால் எப்படி? மருந்து தேய்க்கிறாளா, பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளா?

217 வேலை ஓடுகிறது. பன்னிரண்டு இரும்புக் கைகளில் ஒன்பதைப் பற்றவைத்துவிட்டார் அண்ணன். அடுத்த மாதம் பைப்பை ஏற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை.

அக்கா, உனக்கு வயதாகிறது. வெள்ளிக்கிழமை வண்டியில் இன்னொரு ரோல். பிரித்தால் 217, ரிவிஷன் 2. ஏற்கெனவே அனுப்பியது! மூலையைப் பார்த்தேன், அதே நம்பர், அதே தேதி, அதே மூன்று கையெழுத்து. இது டபுள் என்று வைத்துவிட்டேன். ஆபீஸ்காரர்களுக்குக் காகிதம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று கேட்க வந்தேன். அட, மரத்தில்தான் காய்க்கிறது.

ஒன்று மட்டும் உறுத்தியது. ரோலுக்குள் கை விட்டுத் துழாவினேன், கடிதம் இல்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவை. கோபமா?

படம் வீண் போகவில்லை. மேற்குச் சன்னலில் மத்தியான வெயில் நெருப்பாக இறங்குகிறது. வெள்ளைப் பக்கம் உள்ளே வரும்படி ஒட்டிவிட்டேன். அறை குளுகுளு என்று இருக்கிறது. அண்ணன் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

உன் தம்பி

*

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கோபம் ஒன்றுமில்லை. அன்று ஆபீசில் தலைக்கு மேல் வேலை, எழுத நேரமில்லை. அம்மா மருந்து தேய்க்கிறாள், ஆனால் நான் பார்க்கும்போது மட்டும்.

டிசைன் பிரிவில் அவசரம் சார் என்று ஒருவர் உண்டு என்று சொல்லியிருக்கிறேனே, எதைக் கேட்டாலும் "அவசரம், அவசரம்" என்று நிற்பவர். அவர் உங்கள் சைட்டுக்குப் போன் செய்தாராமே? உனக்குச் சேதி ஏதாவது வந்ததா? சொல்லிவிட்டேன் என்றுதான் என்னிடம் சொன்னார். சும்மா கேட்கிறேன்.

இன்னொன்று. கம்பெனிப் படத்தையெல்லாம் சன்னலில் ஒட்டுவது அழகில்லை. அதை எடுத்து, பழசோடு ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஃபைலில் வை. மறக்காமல் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

நலமா என்று கேட்டுவிட்டு எழுதவேண்டும். அதற்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

திங்கட்கிழமை சோதனை. பைப்பில் தண்ணீர் முக்கால்வாசி ஏறியது. ஒரு மூட்டில் ஒழுகல் தெரிந்தது. வெல்டர் அண்ணன் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடியில் போனார். நாலாவது கை மடங்கியது அக்கா. முறியவில்லை, மடங்கியது, தலை குனிகிற மாதிரி. அடுத்ததும் மடங்கியது. பைப் இறங்கிவிட்டது. அவர் வலது கால் அடியில்.

நாற்பது நிமிஷம். ஜாக்கி வைத்துத் தூக்கி எடுக்க நாற்பது நிமிஷம். அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டு நின்றபோதுதான் எனக்கு உயிர் போயிற்று.

நேற்று விசாரணைக் குழு வந்தது. ஆபீசிலிருந்து 217 ரிவிஷன் 2 கொண்டுவந்திருந்தார்கள். அதில் ஒவ்வொரு கைக்கும் அடியில் சாய்வாக ஒரு முட்டு இருக்கிறது. பன்னிரண்டு கைக்கும் பன்னிரண்டு முட்டு. "இதை ஏன் வைக்கலை?" என்கிறார்கள். அக்கா, என் படத்தில் முட்டு இல்லை. சத்தியமாக இல்லை. நானும் அண்ணனும் அதை வைத்துத்தானே ஒவ்வொன்றையும் அளந்தோம். ஆனால் அந்தப் படம் அவர் கையிலேயே தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

நீதான் அனுப்பினாய். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல். பிப்ரவரி 3 அன்று நீ அனுப்பிய படத்தில் முட்டு இருந்ததா? உடனே எழுது.

தம்பி

*

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெல்டருக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் யார் துணைக்கு இருக்கிறார்கள்? அம்மாவிடம் சொல்லவில்லை. நீ சாப்பிடுகிறாயா, இல்லையா?

கம்ப்யூட்டரில் பார்த்தேன். அவர்கள் கொண்டுவந்த படம்தான் அதில் இருக்கிறது. ரிவிஷன் 2 கொடு என்று கேட்டார்கள், இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

நீ எதையும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதே. எதிலும் கையெழுத்துப் போடாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். இனிமேல் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் அனுப்பு, ரோலில் வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

இங்கே யாரும் நலமில்லை. அங்கேயாவது நலமாக இருங்கள்.

அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விழித்ததும் என்னைப் பார்த்து, "செருப்பு வாங்கற செலவு பாதியாயிடுச்சு" என்றார். நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அறையை விட்டுப் போகக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகலாம். எதிர்க் கட்டிலில் அவர் போர்வை மடித்தபடி இருக்கிறது.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. கம்ப்யூட்டரில் இப்போது இருப்பது எனக்குத் தெரியும், அதைத்தான் என் முகத்துக்கு நேரே ஆட்டினார்கள். நான் கேட்டது அன்று நீ அனுப்பியதை.

ஒருவேளை முட்டு இருந்ததோ? நான்தான் பார்க்கவில்லையோ? பதினேழு வருஷமாகப் படம் பார்க்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். இப்போது கண்ணை மூடினால் ஒரு நேரம் முட்டு தெரிகிறது, ஒரு நேரம் தெரியவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அண்ணனிடம் கேட்டால், "இல்லடா, நான்தானே பத்தவச்சேன், இருந்திருந்தா வச்சிருப்பேன்ல" என்கிறார். மயக்க மருந்தில் பேசுகிறார், அதை யார் எடுத்துக்கொள்வார்கள்?

ஒரே ஒரு வரி எழுது அக்கா. இருந்தது, அல்லது இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்றுகூட எழுதவேண்டாம்.

தம்பி

*

ஏப்ரல் 23

அக்கா,

உன் உடம்புக்கு ஏதாவதா? மூன்று வாரமாகத் தபால்காரர் என் அறைக்கு நேரே வந்து திரும்பிப் போகிறார். என்னைப் பார்த்தால் அவருக்கே பாவமாக இருக்கிறது போல. நேற்று யாருக்கோ வந்த விளம்பரத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வாக்குமூலம் என்று ஒரு தாளை அடித்துக்கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 'சரியான படம் எனக்குக் கிடைத்தது. கவனக்குறைவால் அதன்படி செய்யவில்லை.' இரண்டே வரி. கையெழுத்துப் போட்டால் வேலை போவதோடு சரி. போடாவிட்டால் போலீஸ் கேஸ், ஒருத்தரை ஊனமாக்கியதற்கு. மே பத்து வரை தவணை.

நீ எழுதாமல் இருப்பதற்கு ஒரே அர்த்தம்தான் தோன்றுகிறது. படத்தில் முட்டு இருந்திருக்கிறது. தம்பியிடம் அதை எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாய். சொல்லிவிடு, பரவாயில்லை. ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தவனின் காலை நானே எடுத்தேன் என்று தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். தெரியாமல் இருப்பதுதான் கொல்கிறது.

தம்பி

*

மே 1

தம்பிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இந்தக் கடிதத்தைப் பதினோரு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். நீ குற்றம் செய்யவில்லை. அதை மட்டும் பிடித்துக்கொள். நான் மறுபடி எழுதுகிறவரை கையெழுத்துப் போடாதே. கொஞ்சம் பொறு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா

*

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இதை வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன்.

உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை? மார்ச் 5 கடிதத்தில் ஒரு வரி. 'அதை எடுத்து, பழசோடு ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஃபைலில் வை.' அன்று படித்தபோது, அக்கா வழக்கம்போல் சுத்தம் பத்தம் பார்க்கிறாள் என்று சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

இத்தனை நாளும் எனக்கு அது வெறும் திரை, படம் என்பதே மறந்துபோயிருந்தது; சன்னலிலிருந்து பிய்த்தேன். வெயில் பட்டுப் பழுப்பேறியிருந்தது, ஆனால் கோடு ஒன்றும் அழியவில்லை. மூலையில் ரிவிஷன் 2. பன்னிரண்டு கை, பன்னிரண்டு முட்டு. அப்போ நான் குருடன் இல்லை அக்கா! முதலில் வந்ததில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. சின்னக் குழந்தை மாதிரி அழுதேன்.

அடி ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி, நாங்கள் யாரும் படிக்காத வரி. வெர்ஷன் 9, பிரதி எடுத்த நாள் பிப்ரவரி 17, மாற்றி ஏற்றியவரின் குறியீடு. அந்தக் குறியீட்டை எட்டு வருஷமாக ரோலோடு வரும் உன் ஒவ்வொரு அனுப்புச் சீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு மேல் நீ ஒன்றும் எழுதவேண்டாம். நானும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. படத்தை எரித்துவிட்டேன். இன்று காலை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வேலைதானே, இன்னொரு சைட் கிடைக்காமலா போகும்? உன் வேலை போனால் அம்மாவை யார் பார்ப்பது? அப்பா போன பிறகு பள்ளிக்கூடம் நின்று என்னைப் படிக்கவைத்தவள் நீ. அதற்குச் சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்.

சன்னலில் இப்போது போர்வையைக் கட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு மருந்தை நீயே தேய்த்துவிடு.

உன் தம்பி

*

மே 10

அன்புள்ள தம்பிக்கு,

இது பன்னிரண்டாவது. கிழிக்கப்போவதில்லை.

பிப்ரவரி 17, மத்தியானம். அவசரம் சார் வியர்த்து விறுவிறுத்து என் மேசைக்கு வந்தார். 217-இல் நீராவியின் எடையைத்தான் கணக்கில் எடுத்தாராம். நீராவிக்கு என்ன எடை, பஞ்சு மாதிரி. சோதனைக்குத் தண்ணீர் நிரப்பும்போது பைப் எத்தனை மடங்கு கனக்கும் என்பதை மறந்துவிட்டார். "முட்டு சேத்துட்டேன்மா. ரிவிஷன் ஏத்தினா ரெண்டு வாரம் ஆகும், ஏன் எதுக்குன்னு எழுதணும், என் கழுத்துக்குக் கத்தி வரும். நம்பர் அப்படியே இருக்கட்டும், ஃபைலை மட்டும் மாத்தி வச்சிடு. இதுவும் ஒரு வெர்ஷன்தானே? சைட்டுக்கு நான் போன் போட்டுச் சொல்லிடறேன்."

முடியாது என்றேன். இரண்டு தடவை முடியாது என்றேன். மூன்றாம் தடவை மாற்றிவைத்தேன். வேலியே பயிரை மேய்ந்தது தம்பி. எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன வாய் அன்று மூடிக்கொண்டது. அவர் எனக்கு எத்தனையோ உதவி செய்தவர், பாவம் என்று நினைத்தேன். பாவம் யார் தலையில் விழும் என்று நினைக்கவில்லை. அன்றே பிரதி எடுத்து ரோலில் போட்டேன். உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், எழுத்து வரவில்லை.

பிறகு உன் கடிதம் வந்தது, டபுள் என்று சன்னலில் ஒட்டிவிட்டேன் என்று. அவசரம் சாரிடம் ஓடினேன். "சொல்லிட்டேன்மா, சொல்லிட்டேன்" என்றார். யாரிடம் என்று கேட்டால் பெயர் நினைவில்லை என்றார். நான் அப்போதே கேம்ப்புக்குப் போன் செய்து, வேலையை நிறுத்து என்று கத்தியிருக்கவேண்டும். செக்யூரிட்டி கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறான்! கத்தவில்லை. நான் விதியை மீறியது எழுத்திலோ பேச்சிலோ வந்துவிடும் என்று பயந்து, சன்னலில் ஒட்டுவது அழகில்லை என்று எழுதினேன். ஒரு ஆளுடைய கால், தம்பி. அதைக் காப்பாற்ற எனக்குப் பத்து நாளுக்கு மேல் இருந்தது. நான் அழகைப் பற்றி எழுதினேன்.

விசாரணைக் குழு என்னிடம் ரிவிஷன் 2 மட்டும்தான் கேட்டது. வெர்ஷன் பட்டியலை யாரும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். கேட்கவில்லையே என்று ஒவ்வொரு நாளும் மூச்சுவிட்டேன். இப்படி ஒரு பிறவி நான்.

நேற்று முன்தினம் நானே பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேசையில் வைத்துவிட்டேன். எல்லாம் சொல்லிவிட்டேன். நீ கையெழுத்துப் போடாதே. உனக்கு ஒன்றும் வராது.

என்னை மன்னிக்கச் சொல்லமாட்டேன்.

அக்கா

*

மே 22

தம்பிக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் தோளை உரசிக்கொண்டு போயிருக்கும். என்ன காரியம் செய்தாய்!

நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். என் பட்டியல் ஒரு பக்கம், நீ போட்ட கையெழுத்து ஒரு பக்கம். அதிகாரி சிரிக்கக்கூட இல்லை. "சரியான படம் கிடைச்சுதுன்னு உங்க தம்பியே எழுதிக் கொடுத்திருக்காரும்மா. கம்ப்யூட்டர் சாவி உங்ககிட்ட. பட்டியலை நீங்களே உட்கார்ந்து உருவாக்கியிருக்கலாம். தம்பிக்காக எந்த அக்காவும் செய்வா. எனக்கும் ஒரு அக்கா இருக்காங்க" என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். அவசரம் சார் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் அப்படிக் கேட்கவே இல்லை என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதற்குச் சோறு போட்டவன் நீ. என் வாழ்க்கையில் பேசிய ஒரே பெரிய உண்மை, அதைப் பாசம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

படத்தை ஏன் எரித்தாய்? அந்த ஓர வரி ஒன்றே போதுமே! மே முதல் தேதிக் கடிதத்திலேயே நான் சொல்லியிருந்தால் நீ எரித்திருக்கமாட்டாய். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன், எப்போதும் இதே கதைதான் எனக்கு.

சரிக்குச் சரி என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்தச் சரி வேண்டாம். நான் உன்னைப் படிக்கவைத்தது என் பொய்க்குக் கையெழுத்துப் போடவா? அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மருந்து பாட்டிலை மூடி வைத்தாள். பிறகு, "கால் போன பையனுக்கு யார் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூட ஒழுங்காகக் கேட்கவில்லை.

நீ கொடுத்தது வெளியே போய்விட்டது, அதைச் சத்தமில்லாமல் மாற்றிவைக்க முடியாது. அப்படி ஒரு தடவை மாற்றியதால் வந்த வினைதான் இத்தனையும். நேராகப் போ. நம்பரை ஏற்று. முதலில் என்ன சொன்னேன், இப்போது என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. என் வேலை போகட்டும், கேஸ் வரட்டும். நீ பொய்யனாக இருக்கிறவரை நானும் பொய்க்காரிதான். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். அம்மா சாப்பிடுகிறாளா?

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். படத்தை எரிக்கவில்லை. எரிக்கத்தான் நினைத்தேன். அதற்கு முன்னால் வெல்டர் அண்ணனிடம் ஒரு தடவை காட்டிவிடுவோம், நான் பார்க்காமல் விடவில்லை என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்காவது தெரியட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். விரித்துப் பார்த்தார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கேட்டேன், தரவில்லை. நீ தூங்கவேண்டும் என்றுதான் எரித்துவிட்டேன் என்று எழுதினேன்.

உன் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். உன்னை எப்படிக் காட்டிக்கொடுப்பது? நாலாம் நாள் இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். மே 10 கடிதத்தைப் படித்துக் காட்டினேன், அந்தப் பத்து நாள் வரியையும் சேர்த்து. படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு நான் ஏதேதோ உளறினேன். அக்கா பாவம், அம்மாவுக்கு வேறு யாருமில்லை, நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று.

அவர் கத்தினார் அக்கா. நர்ஸ் ஓடிவந்துவிட்டார். "அக்காவும் தம்பியும் மாத்தி மாத்தி விட்டுக்கொடுக்கறீங்க. நல்லாயிருக்குடா! போனது யார் கால்? அது ஏன் போச்சுன்னு எழுதி வைக்கணும்ல? உங்க குடும்பத்துக்குள்ளயே பேசி முடிச்சுக்க அது என்ன உங்க வீட்டு விவகாரமா? நாளைக்கு இன்னொரு அவசரம் வந்து, இன்னொரு அக்கா ஃபைலை மாத்துவா. அங்கயும் என்னை மாதிரி ஒருத்தன் அடியில நிப்பான்."

நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன்.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து என் மடியில் போட்டார். "உங்க அக்காவை நான் இன்னும் மன்னிக்கலை. அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நேற்று விசாரணைக் குழுவிடம் புது வாக்குமூலம் கொடுத்தேன். நீ சொன்ன மாதிரியே, தலைப்பிலேயே 'ரிவிஷன் 1' என்று போட்டேன். அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாறியது: 'சரியான படம் கிடைத்தது' என்ற வரி. காரணம்: அது பொய். இணைப்பு: சன்னலில் இருந்த படம், ஒன்று. அவர் அடி ஓரத்துக்குக் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. பதினாறாம் தேதி எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார், அவசரம் சாரையும்.

உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். இந்தக் கையால்தான் எழுதினேன், இதே கையால்தான் நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தேன்.

தாளின் அடியில் பழக்கதோஷத்தில் மூன்று கட்டம் போட்டுவிட்டேன். தயாரித்தவர் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தவர் கட்டத்தில் அண்ணன், படுக்கையில் சாய்ந்தபடியே போட்டார். மூன்றாவதை, ஒப்புதல் தந்தவர் கட்டத்தை, அழித்துவிடட்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், ஆள் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் சொல்லி அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல். பதினைந்தாம் தேதி வண்டியில் ஏறு. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவர் திட்டுவார், நின்று கேட்டுக்கொள். நான் பக்கத்தில் நிற்கிறேன். அடுத்த நாள் வந்து உன் கட்டத்தில் கையெழுத்துப் போடு.

உன் தம்பி